வாரேன் என்று சொன்னவர்

லாரியிலிருந்து அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் நேசையா கீழே குதித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, அகதி முகாமின் குடிசை வரிசைக்குள் நடப்பார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான். "திருகோணமலை சதாசிவம்னு லாரி ஓட்டுத ஆளு, இங்கன யாருக்கும் தெரியுமா?" தெரியாது என்பார்கள். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். கடைசி வரிசை முடிவதற்குள் லோடும் இறங்கிவிடும்.

நேசையா என் வண்டியை ஓட்டுகிறவர். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் அல்ல. வள்ளியூரில் லாரி கழுவ ஆரம்பித்தவன், அதே வள்ளியூரில் இன்று நான்கு லாரிக்குச் சொந்தக்காரன். இந்தப் பக்கத்து முகாம்களுக்கு அரிசி போவது என் வண்டியில்தான். ஒரு டிரைவர் கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டே ஆளை எடை போட்டுவிடுவேன். படித்தவர்கள் சர்ட்டிபிகேட் பார்ப்பார்கள், எனக்கு அது வேண்டாம். நேசையா வேலை கேட்டு வந்த அன்று கதவைச் சாத்தியது, பிள்ளை தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல இருந்தது. அப்போதே சாவியைக் கொடுத்தேன். எத்தனையோ பெரிய முதலாளிகள் இருக்க என் ஷெட்டைத் தேடி வந்தாரே என்று பெருமைப்பட்டேன். முகாமுக்குப் போகிற லோடைத் தேடித்தான் வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

திசையன்விளைக்காரர். ராணுவத்தில் வண்டி ஓட்டியவர், இலங்கைக்கு அனுப்பின பட்டாளத்தோடு போய்க் கப்பலில் திரும்பி வந்தவர். லுங்கியைக்கூட இஸ்திரி போட்டுத்தான் கட்டுவார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வாயில் தானாக இந்தி வந்துவிடும். புறப்படுமுன் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "நேசையா அண்ணாச்சி தட்டுன டயரு நமக்குப் பொழப்பு தராது" என்று பஞ்சர் ஒட்டுகிற அசன் முகம்மது குறைப்பட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சு அவருடையது. சண்டையிலிருந்து உயிரோடு திரும்பியதற்கு நன்றியாகச் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்லும்படி குருவானவர் பல தடவை கேட்டுவிட்டார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்பதே பதில். அவர் மனைவி கெசியா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "கப்பல்ல வந்துட்டாருன்னு பேரு, அண்ணாச்சி. இன்னும் எறங்கல."

டீக்கடையில் இலங்கைச் சண்டைப் பேச்சு எழுந்தால் நேசையா தம்ளரை வைத்துவிட்டு டயர் தட்டப் போய்விடுவார். அந்தப் பேச்சு எழாத நாளும் கிடையாது. பட்டாளத்தை அங்கே அனுப்பியவர்கள்தான் குற்றவாளி என்று ஒரு கட்சிக்காரன் சொல்வான். பாதியில் திரும்பக் கூப்பிட்டவர்கள்தான் என்று இன்னொருவன் சொல்வான். கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு மெட்ராஸில் மாலை போட முதலமைச்சர் ஏன் போகவில்லை என்று ஒரு சத்தம். மாலை போட அங்கே என்ன ஜெயித்தா வந்தார்கள் என்று எதிர்ச் சத்தம். என் கட்சி தனி. எங்கே இறக்குவது என்று கேட்காமல் லோடு ஏற்றுகிறவன் என் ஷெட்டில் ஒருநாள் நிற்க முடியாது. டெல்லியில் அப்படி ஏற்றியவர்கள் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள்.

தொண்ணூற்றொன்றில் தேர்தல் வந்தது. ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் சுடலைக்கண்ணு, நேசையாவை நாங்குநேரிக் கூட்டத்தில் மேடையேற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தார். என் டிரைவர் மைக்கில் பேசினால் எனக்கும் மரியாதைதானே, சரி என்றேன். நேசையா மறுத்தார். நான் விடவில்லை. மேடையில் அவருக்குச் சால்வை போட்டு, சுடலைக்கண்ணு மெல்லக் குனிந்து, "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் பெருசாப் பேசாண்டாம். இந்த அலங்கோலத்துக்கு யாரு காரணம்? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

நேசையா மைக்கைப் பிடித்துக்கொண்டு சதாசிவத்தைப் பற்றிச் சொன்னார். திருகோணமலையில் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றிய உள்ளூர் லாரிக்காரர். எந்தப் பாதையில் கண்ணிவெடி கிடக்கிறது என்று முன்னால் போய்க் காட்டியவர். பட்டாளம் கிளம்பிவிட்டால், அதை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் கையில் அவர் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. கிளம்புகிற அன்று துறைமுக ரோட்டில் ஒரே நெரிசல். எரிக்கச் சொன்ன சாமானை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றியதை இறக்கச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சதாசிவம் மனைவியோடும் மகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் வந்து நின்றார். நேசையாவின் வண்டியில் இடமில்லை. ரோட்டோரத் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கும்படியும், துறைமுகத்துக்குள் லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாகவும் நேசையா சொன்னார். தன் வீல் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். வழியில் ஒருவனை நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருந்தால், வண்டிச் சாமான் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவோம். ஸ்பேனர் இல்லாமல் எந்த டிரைவரும் ஊர் போய்ச் சேரமாட்டான், வந்தே தீருவான். கடலுக்கு அந்தப் பக்கத்து லாரிக்காரருக்கும் அது புரிந்திருக்கிறது. ஆனால் அது தன் இஷ்டத்துக்குத் திருப்புகிற வண்டி அல்ல, சர்க்கார் வண்டி என்பதை நேசையா அந்த நேரத்தில் மறந்துபோனார். உள்ளே போனதும் வண்டியை லோடோடு கப்பலுக்குள் ஏற்றச் சொன்னார்கள். பின்னால் கேட்டை மூடியாயிற்று. வெளியே ஆள் நிற்கிறது என்று அதிகாரியிடம் இந்தியில் மன்றாடினார். உத்தரவு என்றார் அவர்.

சுடலைக்கண்ணு தாவி வந்து, "அந்த உத்தரவப் போட்டது யாரு? மக்களே, யோசிச்சுப் பாருங்க" என்றார். நேசையா மைக்கை விடவில்லை.

"டெல்லிய எனக்குத் தெரியாதுங்க. மெட்ராஸயும் தெரியாது. வாரேன்னு சொன்னது நாந்தான்."

ஒரு கை தட்டவில்லை. மேடைக்குப் பின்னால் சுடலைக்கண்ணு என்னைப் பிடித்துக்கொண்டார். "உம்ம ஆளு நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டாருவே." மறுநாள் காலையில் எதிர்க்கட்சிக்காரர்கள் வேறொரு சால்வையோடு என் ஷெட்டுக்கு வந்தார்கள். நேசையா லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

அந்த மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த கொடுமைக்குப் பிறகு முகாம்களில் காவல் கடுமையாகிவிட்டது. குடிசைப் பக்கம் டிரைவர்களை விடமாட்டோம் என்றார்கள். ஆடி மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்து முகாமுக்கு லோடு போனபோது நானும் கூடப் போனேன். என் முகத்துக்காகக் கேட்டில் விட்டார்கள். வயலெல்லாம் நடவு முடிந்து தண்ணீர் நின்றது. இரண்டாவது வரிசையில் ஒரு கிழவர் நேசையாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு, தள்ளி ஒரு வாசலைக் காட்டினார். சதாசிவத்தின் மனைவி பவளராணி அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யூனிபாரம் இல்லாமல் சட்டையும் லுங்கியுமாக நின்ற ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எங்களை ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு, புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

பட்டாளம் கிளம்பிய அன்று மாலை மீன்பிடிப் படகு ஒன்றில் இடம் இருந்ததாம். மற்றவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். சதாசிவம் தண்ணீர்த் தொட்டியை விட்டு அசையவில்லை. ஸ்பேனரைக் காட்டிக் காட்டி, இதைக் கொடுத்த ஆள் வராமல் இருக்கமாட்டான் என்றாராம். இருட்டிய பிறகு வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

"அவரைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். பிறகு அவர் வரேல்லை" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பேசி முடிக்காத விவகாரம் என் வாழ்க்கையில் ஒன்றுகூட இல்லை. "மேலிடத்து உத்தரவும்மா. கீழ உள்ளவன் என்ன செய்வான்? டெல்லில இருந்தவங்க..." என்று ஆரம்பித்தேன். நேசையா என் கையைப் பிடித்து அமுக்கினார். முதலாளியின் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த டிரைவர் நாந்தாம்மா" என்றார்.

முறம் நின்றது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, வாசலுக்கு முன்னால் ஓர் இடத்தைக் கைகாட்டி, "இதிலை நில்லுங்கோ. வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாசலில் சாக்குப் படுதா விழுந்தது.

லோடு இறங்கி முடிந்தது. மூட்டைக்காரர்கள் கைகால் கழுவிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். ஹாரனை அடித்துப் பார்த்தார்கள். படுதா அசையவில்லை. நானும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே போனேன். "வே நேசையா, அந்தப் பொம்பள இனி வெளிய வரமாட்டா. வந்து வண்டிய எடும்."

"நிக்கச் சொல்லிருக்காக, அண்ணாச்சி" என்றார்.

உச்சி வெயில். பக்கத்திலேயே புங்கமரத்து நிழல் கிடந்தது. அங்கேயாவது போய் நில்லும் என்றேன். நேசையா அவள் கைகாட்டிய இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை.