பத்தரை மணிக் கோப்பி

போன சனிக்கிழமை, டெனிஷ் நகரமான பிரெடெரிசியாவில் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். வாங்க ஒன்றுமில்லை, மழை பெய்தது, அங்கே கூரை இருந்தது, அவ்வளவுதான். மகளும் கூட வந்தாள். ஒரு மேசையில் படம் காட்டுகிற பழைய புரொஜெக்டர் ஒன்று கிடந்தது. வேலை செய்யுமா என்று சும்மா கேட்டுவைத்தேன். விற்கிற மனிதன் உடனே வயரைச் செருகி ஆளியைத் தட்டினான். விளக்கு எரிந்து, அந்தச் சூட்டில் தூசி கருகி ஒரு மணம் எழும்பியது பாருங்கள், எனக்கு முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கிவிட்டன. மணத்துக்கு முழங்கால் ஆடுகிற மனிதனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இப்போது காணுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யூலண்டில் ஒரு சிறு நகரம். பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே இன்னும் இருக்கிற எங்கள் ஆட்கள் போன் எடுத்து என் கதையை எனக்கே திருத்துவார்கள். அகதி கேட்டு வந்திருந்த நாங்கள் ஒரு கூட்டம், வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் டெனிஷ் படித்தோம். பெரிய கல் கட்டடத்தில் ஊர்ச்சனம் ஆங்கிலமும் தையலும் படித்தது. எங்களுக்குப் பின்வளவில் ஒரு பலகைக் கொட்டில்.

கன்ரீன் ஒன்றுதான். ஆனால் ஊர்ச்சனத்துக்குக் கோப்பி பத்து மணிக்கு, எங்களுக்குப் பத்தரைக்கு. எங்கள் ஜாக்கெட்டுகளில் தாளித மணம் அடிக்கிறதென்று யாரோ முறையிட்டதாகக் கேள்வி. அதிபர் மென்மையான மனிதர், அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "உங்கள் பாஷையில் சுதந்திரமாகக் கதைக்கலாமே, உங்கள் நன்மைக்குத்தான்" என்றார். அதே மேசை, அதே கோப்பை, எல்லாம் சமம். என்ன, நாங்கள் போகும்போது கோப்பி ஆறியிருக்கும். கசகசா தூவிய பணிஸ் இருந்த தட்டில் கசகசா மட்டும் இருக்கும். விரலை ஈரமாக்கி அதை ஒற்றி ஒற்றித் தின்போம். இப்போது சொல்ல வெட்கம்தான், ஆனால் ருசி நல்லது.

எங்களில் மூத்தவர் செல்வரத்தினம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒரு வக்கீலிடம் கிளாக்கராக இருந்தவர். கோடு கச்சேரிக் கதை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். இன்னொருவன் தவம். அண்ணையின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், என் வயது, அளந்துதான் கதைப்பான். நான் அளக்காமல் கதைப்பேன். அதனால் எல்லாரையும் விட எனக்குத்தான் டெனிஷ் வரும் என்று ஒரு தவறான பெயர் எடுத்து வைத்திருந்தேன்.

ஒருநாள் கிர்ஸ்டன் ரீச்சர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். ஊர்ச்சனத்துக்கு ஆங்கிலம் படிப்பிப்பதும் அவர்தான். அவர்களுக்கென்று எடுத்த படம், நாங்களும் பார்க்கட்டுமாம். தூசி கருகியது, சுவரில் அமெரிக்கா தெரிந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். வேறு வேறு, ஆனால் சமம் என்பது நெடுங்காலச் சட்டம். கறுப்புத் தாய் தகப்பன்மார் வழக்குப் போட்டார்கள். ஒதுக்கி வைத்த பள்ளிக்கூடம் ஒருநாளும் சமமான பள்ளிக்கூடம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அண்ணை கைதட்டினார். அடுத்த தீர்ப்பில் அதே நீதிமன்றம், இதைத் தகுந்த வேகத்தில் செய்யுங்கள் என்றது. அண்ணையின் கை நடுவழியில் நின்றது.

"இதென்னடா தகுந்த வேகம்? தவணை குடுக்கிற வேலையெல்லோ இது!"

தவணைதான். படத்தில் வருஷங்கள் ஓடின, பள்ளிக்கூடங்கள் அப்படியே நின்றன. கடைசியில் ஒரு கறுப்புப் பெண்பிள்ளை புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி நடந்து போகிறாள். பின்னால் ஒரு கூட்டம் வாய் கிழியக் கத்துகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கைப் போட்டுவிட்டு ரீச்சர், "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ரீச்சரும் பார்த்தார். பத்து மணி தாண்டியிருந்தது. கன்ரீனிலிருந்து கோப்பைச் சத்தம் கேட்டது. ரீச்சரின் முகம் சிவந்துபோனது. தெரியாமல் போட்ட படமா, தெரிந்தே போட்டதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

அவர் போனபின் அண்ணை எழும்பினார்.

"எங்கட ஐயா வேலி வழக்கில வெண்டவர். தீர்ப்புக் கையில, வேலி நிண்ட இடத்தில. கடைசியில அம்மாதான் அலவாங்கோட போய்க் வேலிக் கதியாலைப் பிடுங்கினவ. பிறகுதான் அது எங்கட காணி. எங்களை ஒதுக்கி வைக்க இவங்கள் ஆர்?"

பின்வாங்கிலிருந்து தவம் மெதுவாகச் சிரித்தான்.

"அண்ணை, உங்கட சந்தித் தேத்தண்ணிக் கடையில உங்களுக்குக் கிளாஸ். எங்கட சாதிக்கெண்டு போத்தல். அந்த வழக்கு எந்தக் கோட்டில நடந்தது?"

எல்லாரும் அவரவர் சப்பாத்தைப் பார்த்தோம். எழும்பிய அண்ணை திரும்ப வாங்கில் இருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போறம்" என்றார் பிறகு.

"போறம். ஆனா முன்னுக்கு நான்" என்றான் தவம்.

"ஓம். நீதான்."

"கதைக்கிறது?" என்று கேட்ட மடையன் நான். எல்லா விரலும் என்னைக் காட்டின.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அகதிக் கேஸ் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. ஒரு கோப்பிக்காக நாட்டை விட்டு ஏற்றிவிட்டார்கள் என்று ஊரில் போய் எப்படிச் சொல்வது? அடுத்தநாள் காலை நான் இரண்டு கால்சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனேன். பொலிஸ் நேரே விமானத்தில் ஏற்றினால் மாற்றுடுப்பு வேண்டுமே. கொழும்பில் இறங்கினால் அந்த வெயிலில் அவிந்து சாவேன் என்பது பயத்துக்குத் தெரியவில்லை.

பத்து மணி. தவம் முன்னுக்கு, பின்னால் அண்ணை, அவருக்குப் பின்னால் அகட்டி அகட்டி நடந்தபடி நான். கதவைத் திறந்ததும் கன்ரீன் முழுதும் திரும்பிப் பார்த்தது. காலையிலிருந்து பாடமாக்கிய வசனம், 'நாங்களும் இங்கே இருக்கலாமா?' என்பது. வாய் திறந்தேன். வந்தது, "தாக் ஃபோ மாத்."

டெனிஷ்காரர் சாப்பிட்டு முடித்து எழும்பும்போது சொல்கிற நன்றி அது. நாங்கள் இன்னும் ஒரு துண்டு பணிஸ்கூடத் தொடவில்லை.

யன்னலோரம் பின்னிக்கொண்டிருந்த கிழவி ஒருவர், தலை நிமிராமலே, "வெல்பெகொம்ம" என்றார். அந்த நன்றிக்கு இந்த ஊரில் சொல்கிற பதில். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் தவம் ஒரு கதிரையை இழுத்து இருந்துவிட்டான். நாங்களும் இருந்தோம்.

அதிபர் வந்தார். "நண்பர்களே, உங்கள் நேரம் பத்தரை அல்லவா?" குரலில் கோபமேயில்லை. அதுதான் பயம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் கேட்ட எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றே சொல்லி வந்தவன் நான். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. இரண்டு கால்சட்டைக்குள்ளும் வேர்வை ஓட, "நைய்" என்றேன். இல்லை. பிறகு, எனக்கே கேட்கவில்லையோ என்று இன்னொருமுறை, கொஞ்சம் உரத்து, "நைய். பத்து மணி."

அதிபர் நின்றார். கிழவி ஊசியைக் கீழே வைத்தார். கிர்ஸ்டன் ரீச்சர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் இருந்தார். அதிபர் மெல்லத் திரும்பிப் போனார். போகட்டும்.

அப்போது செல்வரத்தினம் அண்ணை பிளாஸ்கை எடுத்தார். முதல் கோப்பையை நிரப்பித் தவத்தின் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. தவம் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை அண்ணையின் பக்கம் தள்ளினான். பார்த்துக்கொண்டேயிருந்தான். அண்ணை அதே கோப்பையை எடுத்து, அதே விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கன்ரீனில் இருந்த டெனிஷ்காரர் ஒருவருக்கும் அங்கே என்ன நடந்ததென்று தெரியாது.

அன்றிலிருந்து எங்களுக்கும் பத்து மணிதான். எங்களை ஒருவரும் விமானத்தில் ஏற்றவுமில்லை.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "பத்து மணிக்குப் போய்க் கோப்பி குடிச்சியள். ஓ வா சோ, ஃபார்?" என்றாள். அதுக்கென்ன அப்பா என்கிறாள். அவளுக்குப் பத்தரை மணிக் கோப்பியைத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பலகைக் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. கன்ரீன் இல்லை, பின்னிய கிழவி இல்லை. தவம் இரண்டு மாரிக்கு முன் போய்விட்டான். தூரத்து ஊரான ஹ்விடோவ்ரேயிலிருந்து நேரத்தோடு வந்த அண்ணை, அவன் சவப்பெட்டியை முன்பக்கத்தில் தூக்க இடம் கேட்டு வாங்கினார். இப்போது பேப்பரைத் திறந்தால், வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சம் தனியாகப் படிப்பிக்கலாம், அவர்களின் நன்மைக்காக என்று யாரோ மென்மையாக எழுதுகிறார்கள். எழுதட்டும். 'நைய்' சொல்ல எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று சொன்னால் வருகிறேன். முழங்கால் ஆடும்தான். அந்த இரண்டாவது கால்சட்டை மட்டும் இப்போது என்னிடம் இல்லை. ஒன்றோடேதான் வருவேன்.