பிள்ளையார் காலடியில் ஒரு திசைகாட்டி

எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் யாரும் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். "தெற்க போயி, பள்ளிக்கூடம் வந்ததும் கிழக்க திரும்பினா, மேக்க பாத்த வீடு" என்பார்கள். ரோட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளேயே "வடக்கால இருக்க சொம்பை எடுங்க" என்பாள் என் மனைவி. கல்யாணப் பந்தியில் "கிழக்கோரத்து இலைக்கு அவியல் வை" என்று குரல் வரும். எல்லாருக்கும் அது புரியும், எனக்கு மட்டும் புரியாது. காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே இருப்பது கிழக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்தான். நான் எழுந்திருக்கிற நேரத்துக்குச் சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

இந்த லட்சணத்தில் கார் வேறு வாங்கியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் குமாஸ்தாவாக இருந்தவன் வாங்கக்கூடிய கார்தான். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிச் சலித்த பியட். டாஷ்போர்டு முழுக்கத் தகரம். அதன் நட்டநடுவில், பழைய சொந்தக்காரர் விட்டுப்போன வெள்ளைப் பிள்ளையார். கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று தானாக ஒட்டிக்கொள்வார். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். என் மனைவி பிள்ளையாரைப் பார்ப்பாள். கார் அப்படியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் என் மச்சினன் லீவில் வந்திருந்தான். மனைவியின் தம்பி, கப்பல் இஞ்சினியர். கை நிறையச் சம்பளம், நல்ல பையன், ஆனால் பெண் கிடைக்கவில்லை. "பொண்ணைக் குடுத்துட்டு நாங்க கடலைப் பாத்துட்டு உக்காரவா?" என்று இரண்டு வீட்டில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு வீட்டில் சரி என்றார்கள். நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கிராமம். பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண்ணின் அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறினால் ரத்தக்கொதிப்பு ஏறும் ஆள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால வந்துரணும்" என்று போனில் கறாராகச் சொன்னவர், வழியும் சொன்னார். "நாங்குநேரி தாண்டித் தெற்க வாங்க. குளத்தங்கரையில ரோடு ரெண்டாப் பிரியும். தெற்க போறதைப் பிடிங்க. மேக்க போறதைப் பிடிச்சிராதீய, அது மலையடிவாரத்துக்குப் போயிரும்."

போனை வைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மாமனார் காலமாகிவிட்டார். மாமியாருக்குக் கார் என்றாலே வாந்தி. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்றால் நானும் என் மனைவியும்தான், ஓட்டுகிறவன் நான். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் மச்சினன் கப்பலேறி அடுத்த லீவுக்கு வர ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷம் முழுக்க என் மனைவி யாரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"கவலைப்படாதீய அத்தான்" என்ற மச்சினன், பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்தான். எலுமிச்சம்பழம் அளவு கண்ணாடி உருண்டை. உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ, அதற்குள் மிதக்கிற வட்டத்தில் திசைகளின் ஆங்கில எழுத்துகள். அடியில் ஒட்டவைக்க ரப்பர்க் கிண்ணம். "ஜப்பான் துறைமுகத்துல வாங்கினேன். காருக்குன்னே உள்ள காம்பஸ்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிறவிக் குறைக்கு ஜப்பான்காரன் மருந்து கண்டுபிடித்துவிட்டான்!

அதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது.

மச்சினன் முன்கண்ணாடியின் உச்சியில், பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தான்.

"எடுலே அதை" என்றாள் என் மனைவி. "பிள்ளையார் தலைக்கு மேலயா வைப்பாவ? நல்ல காரியத்துக்குப் போறோம்."

"அக்கா, இரும்புக்குத் தள்ளி வைக்கணும்னு அட்டையில போட்டிருக்கு."

"பிள்ளையார் என்ன இரும்பா?"

ஸ்டியரிங்குக்கு நேரே வைத்தோம். ரோடு மறைந்தது. இடது ஓரத்தில் வைத்தோம். "எனக்கு நேரா இது குலுங்கிக்கிட்டே வந்தா நான் எங்கம்மையைவிட மோசமா வாந்தி எடுப்பேன்" என்றாள். பிள்ளையாருக்குப் பின்னால் வைக்கலாம் என்றேன். "சாமி முதுகுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கவா?" கடைசியில் அவளே தீர்ப்பு சொன்னாள். "காலடியில வைங்க. அவரும் பாத்துக்கிடுவார்."

கண்ணாடியின் அடிவிளிம்பில், பிள்ளையாரின் பாதத்தை உரசுகிறாற்போல ஒட்டினோம். எழுத்து இரண்டு ஆட்டம் ஆடி, 'எஸ்' என்று நின்றது. எங்கள் வீடு தெற்குப் பார்த்த வீடு. காரும் தெருவைப் பார்த்துத்தான் நின்றது. "பாத்தியளா! சொன்ன உடனே சரியாக் காட்டுது" என்று மனைவி இரண்டுக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். ஊருக்குள் ஓட்டும்போது மாட்டையும் சைக்கிளையும் பார்ப்பதே எனக்குப் பெரிய காரியம், திசையை எங்கே பார்க்க? பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சுவிட்டுக் குனிந்து பார்த்தேன். தெற்கு. நாங்குநேரி வரை தெற்கு. அதன்பிறகும் தெற்கு. வாழ்க்கையில் முதல்முறையாக நான் எந்தத் திசையில் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. விசில்கூட அடித்தேன்.

குளத்தங்கரை வந்தது. ரோடு பிரிந்தது. ஒன்று அகலம், ஒன்று குறுகல். அகலமானதில் காரைவிட்டு உருண்டையைப் பார்த்தேன். தெற்கு. "எப்படி?" என்று மீசையைத் தடவினேன்.

கொஞ்சதூரம் போனதும் மனைவி முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள். "ஏங்க, வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்கி. சாயங்காலம் தெற்க போனா வலப்பக்கம்லா அடிக்கணும்?"

"ரோடு லேசா வளையுது" என்று சொல்லி, கண்ணுக்கு முன்னால் இருக்கும் மறைப்புப் பலகையை இறக்கிவிட்டேன். சூரியனைவிட ஜப்பான்காரனை நம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெயிலை மறைத்துவிட்டேன், மலையை மறைக்க முடியவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் நீலமாக இருந்தது, பிறகு பச்சையாகி, கொஞ்சநேரத்தில் அதில் மரம் மரமாகத் தெரிய ஆரம்பித்தது. ரோடு இருபுறமும் வாழைத்தோப்பு நெருக்க ஒடுங்கிக்கொண்டே போனது. எதிரே மொபெட்டில் வாழைத்தார் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நிறுத்தி, பெண்வீட்டு ஊரைச் சொல்லிக் கேட்டேன்.

"அது தெற்கல்லா இருக்கு. நீங்க மேக்க வந்துட்டிய அண்ணாச்சி."

"இல்லியே, தெற்கதான வாறோம். இந்தா பாருங்க, காம்பஸ் காட்டுது."

அவர் குனிந்து உருண்டையைப் பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். "அப்பம் மலைதான் இடம் மாறிட்டு போலுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துப் போய்விட்டார்.

காரைத் திருப்பினேன். வாழைத்தோப்புக்கும் வாய்க்காலுக்கும் இடையில் ஒரு பியட்டைத் திருப்புவது சும்மா இல்லை. முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, "வாய்க்கா! வாய்க்கா!" என்று மச்சினன் ஒருமுறை. ஒருவழியாக வந்த பக்கம் பார்த்து நிறுத்திவிட்டு உருண்டையைப் பார்த்தேன்.

தெற்கு.

முன்னால் போனாலும் தெற்கு, திரும்பி நின்றாலும் தெற்கு. அப்படியானால் நான் திரும்பவே இல்லையா? திரும்பியதாக நினைத்துக்கொண்டேனா? எமனுக்குத் திசை தெற்கு என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்! மச்சினன் பக்கம் திரும்பிக் கத்தினேன். "ஏலே, நீ கப்பல்லதானலே இருக்க! உலகத்தையே சுத்துத! இது எந்தத் திசைன்னு சொல்லு!"

"அத்தான், நான் இஞ்சின் ரூமு" என்றான் பரிதாபமாக. "கப்பல் எங்கன போனாலும் எனக்கு நாலு பக்கமும் எண்ணெயும் சூடும்தான். திசையெல்லாம் மேல இருக்கவங்க பாத்துக்கிடுவாங்க."

"இங்கன மேல யாருலே இருக்கா?"

என் மனைவி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "பிள்ளையாரப்பா, எந்தம்பிக்கு இதாவது அமையணும்" என்று சொல்லி, பிள்ளையாரைத் தகரத்தில் இருந்து பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உருண்டைக்குள் எழுத்துகள் சுற்றின. 'எஸ்' போய் 'ஈ' வந்து நின்றது. கிழக்கு. அவள் பிள்ளையாரைக் கீழே வைத்தாள். மறுபடி தெற்கு. எடுத்தாள். கிழக்கு. மச்சினன் பிள்ளையாரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். பீடத்துக்கு அடியில் ஒரு ரூபாய்க்காசு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு காந்தம்.

"வீட்டு வாசல்ல சரியாக் காட்டுச்சேலே?" என்றேன்.

"வீடு தெற்க பாத்து இருந்துச்சு அத்தான்."

மனைவி பிள்ளையாரை மடியில் வைத்துக்கொள்ள, நான் கிழக்கே விரட்டினேன். குளத்தங்கரையில் குறுகல் ரோட்டைப் பிடித்து, ஊருக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் நிறுத்தியபோது நாலரை தாண்டிவிட்டது. பெண்ணின் அப்பா வாசற்படியில் நின்றார். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர், எங்களைப் பார்த்ததும் அதைத் திருகிச் சாவி கொடுத்தார். நான் டயர் பஞ்சர் என்று சொல்வதாக வரும்போதே முடிவு செய்திருந்தேன். அதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"வழி தப்பிட்டோம் மாமா. மலையடிவாரத்துக்குப் போயிட்டோம்."

"கப்பல்ல போறவரு வழி தப்புவேரா?"

"நான் இஞ்சின் ரூமு மாமா. எனக்குத் திசை தெரியாது."

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த பெண் சிரிப்பு. அவர் உள்பக்கம் ஒருமுறை முறைத்துவிட்டு, "ராகு காலத்துல உள்ள கூப்பிட்டுப் பொண்ணைக் காட்ட முடியாது. ஆறு மணிக்கு மேல பாப்போம். அதுவரை இப்பிடி இருங்க" என்று வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார்.

ஆக, அந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் விருந்தாளி இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. வழி தப்பி வந்த மூன்று பேர். அதனால் யாரும் எங்களிடம் கூச்சப்படவில்லை. பெண்ணின் அம்மா மோர் கொண்டுவந்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சொன்னார். சற்றுநேரத்தில் பெண்ணே வெளியே வந்துவிட்டாள், வீட்டில் கட்டுகிற சேலையோடு, "எங்க, அந்தக் காம்பஸைப் பாப்போம்" என்று. பெண் பார்க்கும் நேரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆகவே அவள் வந்ததில் அவள் அப்பாவாலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இரண்டு பேரும் காரின் முன்கதவு இரண்டையும் திறந்துபோட்டு ஆராய்ச்சியில் இறங்கினார்கள். கண்ணாடி உச்சியில் ஒட்டினார்கள். மேலே தகரக் கூரை அதை இழுத்தது. பிள்ளையாரைப் பைய நகர்த்தி எவ்வளவு தூரத்தில் எழுத்து திரும்புகிறது என்று பார்த்தார்கள். "இது உங்களுக்கே தெரியாதா?" என்று அவள் கேட்பதும், "இஞ்சினுக்குத் திசை கிடையாதுல்லா" என்று அவன் சொல்வதும், மறுபடி சிரிப்பும் மரத்தடி வரை கேட்டன. கடைசியில் பின்கண்ணாடியில்தான் ஓரளவு சரியாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

"பின்னால இருந்தா ஓட்டுறவருக்குத் தெரியாதே" என்றாள் அந்தப் பெண்.

"தெரியாண்டாம். அதான் நல்லது" என்றாள் என் மனைவி.

ஆறு மணிக்குமேல் எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டுச்சேலையில் தலைகுனிந்து வந்து காப்பி கொடுத்தாள், இதற்குமுன் எங்களைப் பார்த்திராதவள்போல. மச்சினனும் அவள் முகத்தை அப்போதுதான் பார்ப்பவன்போல டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அவள் அப்பா எங்களோடு கார்வரை வந்தார். தொண்டையைச் செருமினார். எனக்கு மறுபடி வியர்த்தது. அந்தச் செருமலுக்குப் பின்னால் என்ன வரும் என்று இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறேன்.

"நாங்க கலந்து பேசிட்டு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பெண் வாசலில் இருந்து வேகமாக வந்தாள். கையில் எங்கள் பிள்ளையார். ஆராய்ச்சி மும்முரத்தில் அவரைத் திண்ணையில் வைத்து மறந்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக என் மனைவியிடம் நீட்டி, "மைனி, இவரைப் பத்திரமா மடியில வச்சுக்கிடுங்க" என்றாள்.

மைனி, கட்டிக்கொண்டவனின் அக்காளைக் கூப்பிடுகிற சொல். அதை எல்லாரும் கேட்டோம். சொன்னவளுக்கும் அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள். என் மனைவி பிள்ளையாரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா அவள் ஓடிய பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்து, "மாப்பிள்ளைக்கு லீவு என்னைக்கு வரைக்கும்?" என்று கேட்டார்.