சொல்லாவிட்டால் ஏப்ரல்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்த காப்பிப்பொடியை மயூர் விஹார் வீட்டில் பிரித்ததும் சிக்கரி வாடை. பதினொரு வருடங்களாகச் சிக்கரி இல்லாமல் வாங்குகிறவன் நான். இன்று ஒரே ஒரு தடவை சொல்ல மறந்துவிட்டேன். கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"சொல்லலேன்னா காப்பி எழுபது, சிக்கரி முப்பதுதான் அங்கிள். எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"டைம் எங்க அங்கிள்?"

கேட்க நேரமில்லாத ஜென்மங்கள். ஆனால் ஒன்று, இதே வியாதியைத் தொண்ணூறுகளில் ஓர் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

சர்க்கார் அலுவலகம், கம்ப்யூட்டர் பிரிவு. ஏழு திரைகள், ஐந்து நாற்காலிகள், பிரிண்டர் ரிப்பனின் மசிவாடை. சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் காலியாகும்போதெல்லாம் பட்டியல் எடுக்க ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் எழுதியிருந்தேன். கட்டளையை அடித்து, பக்கத்தில் மாதத்தையும் அடிக்க வேண்டும். அந்த மாதம் வரை வந்த விண்ணப்பங்களை எடுத்து, சர்வீஸ் அதிகமுள்ளவர்களை மேலே வைக்கும். மாதத்தை அடிக்க எங்கள் ஆட்களுக்கு விரல் வளையவில்லை. "பட்டியல் காலியா வருது சார்" என்று ஒரே வாரத்தில் ஆறு புகார். இந்த மந்தைக்கு இது போதும் என்று, மாதம் வரவேண்டிய இடத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, பிறகு ஏப்ரல் என்று எழுதிவைத்தேன். ஒன்றும் சொல்லாவிட்டால் ஏப்ரல் என்று பொருள். அப்போது நடந்தது ஏப்ரல். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஜூன் பட்டியலை நானே எடுத்தேன். மாதம் அடிக்க மறந்தது எந்த மடையன் என்கிறீர்கள்? எழுதிய மேதையேதான். எந்திரம் முரண்டு பிடித்திருந்தால் விழித்திருப்பேன். அதுவோ ஒன்பது வீட்டுக்கு ஒன்பது பெயரை, கோணலில்லாமல் துப்பிவிட்டது. அழகான பட்டியலை எவன் சந்தேகிப்பான்? அதிகாரி கையெழுத்திட்டார். பலகையில் ஒட்டியாயிற்று.

எங்கள் பிரிவில் டேட்டா அடித்த ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. பதினாறு வருட சர்வீஸ். மூச்சிரைப்புள்ள குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வருவாள். மே மாதம்தான் விண்ணப்பித்திருந்தாள்.

"சார், எம்பேரு வரேல்லியே?"

ஜூன் என்று அடித்துப் பார்த்தேன். முதல் பெயரே அவளுடையதுதான். அதிகாரியிடம் ஓடினேன்.

"ஸைன் ஹோ கயா ஜி. நெக்ஸ்ட் டைம்."

போட்ட கையெழுத்தை அடிக்க அந்தக் கனவானுக்குக் கௌரவக் குறைச்சல். அதன்பின் பதினான்கு மாதங்கள் ஒரு வீடும் காலியாகவில்லை.

அதிகாரி அறையிலிருந்து வந்து ஸ்டெல்லாவிடம், "கம்ப்யூட்டர் தப்பும்மா" என்றேன்.

"அது தப்பு பண்ணுமா சார்? நான் தெனமும் அதுக்க முன்னாலதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தட்டச்சைத் தொடர்ந்தாள்.

அன்று மாலையே சிறு கோட்டையும் ஏப்ரலையும் அழித்துவிட்டு, கேள்விக்குறியும் ஒரு கேள்வியும் போட்டேன். இனி மாதம் சொல்லாவிட்டால், "மாதம் எங்கே?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். ஒரு வரி வேலை, நாலு விநாடி. நாலு மாதத்தில் ஸ்டெல்லா வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

போன மாதம் சரோஜினி நகர்ப் பக்கம் போனேன். அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிறார்கள். தகரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்து, அவளுக்கு வந்திருக்க வேண்டிய வீடு எத்தனையாவது என்று எண்ணப் பார்த்தேன். எண்ணுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.