வலது பக்கக் கீழ் மூலை

எனக்கு மண்டையில் சரக்குக் குறைவு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீபோர்டில் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதல்லவா? அதை அழுத்திவிட்டு, பிரிண்டருக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றவன் நான். கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல.

தாள் வரவில்லை. உள்ளே தாள் இருக்கிறதா என்று பார்த்தேன் — இருந்தது. மை? அதுவும் இருந்தது. இன்னும் நாலு தடவை அழுத்தினேன். பிரிண்டர் என்னைச் சட்டை செய்யவில்லை.

“என்ன, பிரிண்டருக்குப் பூசை நடக்குதோ?” என்றாள் மனைவி.

வாய்தான் பகிடி பேசியது. முகத்தில் பகிடி இல்லை. அவள் கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நாங்கள் இருப்பதோ தேற்றாத்தீவில். விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறி, மட்டக்களப்பு டவுனில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஓடி... ஆறு வருடமாக இதே ஓட்டம். போன வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தபோது பள்ளிக்கூட அதிபர் கையெழுத்து வைக்கவில்லை. ‘வேறு கணித ஆசிரியர் வரட்டும், பிறகு பார்ப்போம்’ என்றுவிட்டார். இந்த வருடம் ஒருவர் வந்துவிட்டார்.

விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பி அனுப்பியாயிற்று. பதிவு இலக்கத்தோடு ஒரு பக்கம் திரையில் வந்து நிற்கிறது. அதை அச்சிட்டு, அதிபரிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமைக்குள் கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பக்கத்தை மூடினால் மறுபடி திறக்காது. அந்தத் தளத்தில் உள்ள பிரிண்ட் பட்டனோ, விண்ணப்பத்தின் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் துப்பியது.

அந்த அதிபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அசையாமல் இருப்பார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். ஒரு நிமிடம் பிந்தி வந்தால் — லபக்! நான் வைத்த பெயர் முதலை. வாவிக்கரையில் குடியிருக்கிற நமக்கு வேறு என்ன பெயர் வரும்? கையில் எந்நேரமும் சிவப்புப் பேனை. ஒருமுறை மனைவிக்காக நான் எழுதிக் கொடுத்த லீவுக் கடிதம் மூன்று சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு இது தேவையா?

சரி, பிரிண்டருக்கு வருவோம். காத்தான்குடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் என் நண்பன் ஹனீபாவுக்கு அழைத்தேன்.

“அந்தப் பட்டன் படம் மட்டுந்தான் எடுக்கும் மச்சான். எடுத்த படம் உள்ளுக்குள்ள கிடக்கும். பெயிண்ட் புரோகிராமத் திறந்து, கொண்ட்ரோலையும் வீயையும் ஒண்டா அமத்து. படம் வந்து விழும். மறுகா பிரிண்டைக் குடு.”

“அவ்வளவுதானா?”

“நில்லு. விண்டோஸ், ஷிப்ட், எஸ்... மூண்டையும் ஒண்டா அமத்தினா வேணுமான இடத்த மட்டும் வெட்டி எடுக்கலாம். அதான் நல்லம்.”

மூன்று பட்டனா? இருப்பது இரண்டு கை. மௌஸை யார் பிடிப்பது? முழுத் திரையையும் எடுத்தாலே போதும் என்று முடிவு செய்தேன். பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினேன். பெயிண்டில் ஒட்டினேன். தாளைப் படுக்கைவாட்டில் வைத்தேன் — இதை மறக்காதீர்கள், நிமிர்த்தி வைத்தால் எழுத்து எறும்பாகிவிடும். அச்சிட்டேன்.

வந்தது! மனைவி பதிவு இலக்கத்தை மட்டும் இரண்டு தரம் சரிபார்த்து, பைலுக்குள் வைத்து, மறுநாள் விடிய பஸ் ஏறினாள்.

அவள் போய் வெகுநேரம் கழித்து, ஒன்பதரை மணிக்கு, இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். பெயிண்டில் அந்தப் படம் அப்படியே திறந்து கிடந்தது. என் கைவேலையை ஒருதரம் ரசித்தேன். மேலே தளத்தின் பெயர்... நடுவில் விண்ணப்பம்... வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி.

ஹனீபாவின் வாட்ஸ்அப் செய்தி.

‘மச்சான், மனுசிட பள்ளிக்கூட முதலை இந்த முறையாவது சைன் வெக்குமா?’

கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்து கிடந்தால் இப்படிப் பெட்டிகள் வந்து சில நொடி நின்றுவிட்டு மறைந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து நான் அழுத்தியிருக்கிறேன். திரையில் நமக்குத் தேவையானதை மட்டுமே நம் கண் பார்க்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. இருப்பதை எல்லாம் எடுத்துத் தந்துவிடுகிறது.

மனைவிக்கு அழைத்தேன். போன் அணைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குள் போன் அலறக்கூடாது என்பது முதலையின் சட்டம். காலைக் கூட்டம் முடிந்த கையோடு தாளை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இனி மோட்டார் சைக்கிளில் பறந்தாலும் பிரயோசனம் இல்லை.

ஹனீபாவிடம் சீறினேன். “நீ என்னத்துக்குடா அந்த நேரம் பாத்து மெசேஜ் போட்ட?”

விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்தது. “நான் உன்னட்டத்தானே கேட்ட? நீ அத அவருக்கிட்டயே கேட்க அனுப்பியிருக்காய்!”

பகல் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனை வருடம் அந்த ஐந்தரை பஸ்? அதுவும் என் கொழுப்பால்? அவள் வந்ததும் என்ன சொல்வது?

மூன்றரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

“என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லல்ல. நல்லா வாசிச்சவர். மறுகா கத்தரிக்கோல் கேட்டவர்.”

“கத்தரிக்கோலா?”

பைலைத் திறந்து காட்டினாள். அதிபரின் கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. ‘சிபாரிசு செய்கிறேன்’ என்றும் இருந்தது. வலது பக்கக் கீழ் மூலைதான் இல்லை — அடிமட்டம் வைத்தது மாதிரி நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

“இத உங்கட கையில குடுக்கச் சொன்னவர். என்னப் பிரிக்கவும் விடல்ல. அப்படி என்ன ரகசியம் உங்க ரெண்டு பேருக்கும்?”

ஒட்டிய என்வலப் ஒன்றை நீட்டினாள். பிரித்தேன். இரண்டு அங்குலத் தாள் துண்டு. ஹனீபாவின் கேள்விக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரே ஒரு வரி:

‘முதலை கையொப்பம் இட்டுவிட்டது.’