மாமாவுக்குப் போட்ட ஊசி

1957 பொதுத் தேர்தல் முடிந்து, ஆம்பூர்ச் சுவர்களில் சின்னங்கள் இன்னும் அழியாத கோடை அது. எனக்கு எட்டு வயது. பாலாற்று மணலில் ஆடிக்கொண்டிருந்த என்னைத் தெருநாய் ஒன்று தொடையில் கடித்தது. அம்மாவின் தம்பியான மாமாதான் ஓடிவந்து அதைப் பிடித்து இழுத்து எறிந்தார்.

மாமாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் பச்சைத் தோலைப் புரட்டுவார். அங்கே தோல் பதனிட வைத்திருக்கும் மரப்பட்டைக் குவியலில் பாம்பு தென்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பயமே அறியாதவர் என்று தெருவில் பேர்.

நாய்க்கடிக்கு அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள், பதினான்கு ஊசி. கடிபட்ட அன்றே போட்ட முதல் ஊசிக்கு என்னை மூன்று பேர் பிடித்தார்கள். மறுநாள் மாமா சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நான் பெஞ்சின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"இன்னிக்கும் கச்சேரியா பாப்பா?" என்றார் கம்பவுண்டர்.

மாமா லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். அவருடைய கெண்டைக்கால் என் கண்ணுக்கு நேரே இருந்தது. என் தொடையில் இருந்தது போலவே அதிலும் நாலு பள்ளம்.

"மாமா, உன்னியும் கடிச்சிகீது."

"அது சுண்ணாம்புப் புண்ணு. குழில எறங்கறவங்க எல்லாருக்கும் கீது."

கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். "சுண்ணாம்புக்கு எப்பய்யா பல்லு மொளைச்சிது?"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "ஊசி மட்டும் வேணா சார். வேணும்னா இன்னொரு நாயோட மல்லுக்கு நிக்கிறேன்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, "மாமா போட்டுக்கினாத்தான் நானும் போட்டுப்பேன்" என்றேன்.

மாமா கெஞ்சினார். பொரி உருண்டை வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் பெஞ்சுக் காலை விடவில்லை. கடைசியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு அவரே படுத்தார். அவர் கையை நான்தான் பிடித்திருந்தேன். அவர் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் நானும் படுத்தேன். திரும்பும்போது சைக்கிள் பாரில் உட்கார்ந்தபடி, "ஜாஸ்தி அழுதது மாமாதான்" என்று தெரு முழுக்க அறிவித்துக்கொண்டு வந்தேன்.

தினமும் இருவரும் போனோம். எனக்குப் பதினான்கும் முடிந்தபோது, ஒரு நாள் பிந்தித் தொடங்கிய மாமாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி. மறுநாள் அதற்கும் காவலுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைத் திருப்பப் பார்த்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படுக்கவைத்தேன்.

அந்த நாய் மூன்றாம் நாளே வெறி முற்றி ஆற்றோரம் செத்துக் கிடந்ததைப் பெரியவர்கள் என் காதில் போடவில்லை. ஊசி போடாமல் விட்டிருந்தால் மாமா பிழைத்திருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. தனியாகக் குத்துப்படப் பயந்து ஒரு துணையைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

மாமாவின் கடைசி ஊசி முடிந்து வீடு திரும்பியபோது அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். என்னை மடியில் இழுத்துப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டினாள். எனக்கோ கோபம். என் ஊசி முடிந்தது நேற்று. கேசரி ஒரு நாள் தாமதம்.