மிச்சம் பதினான்கு கிலோமீற்றர்

காலை நான்கு ஐம்பது. முதலில் என் கண்ணில் பட்டது, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் குவித்து வைத்திருந்த சேஃப்டி பின்கள். யாழ்ப்பாண நகரில், மரதன் ஓட்டம் தொடங்கும் இடம். நெஞ்சில் குத்தும் இலக்கத் துண்டுக்கு ஆளுக்கு நான்கு பின் எடுக்கச் சொன்னார்கள். நான் ஆறு எடுத்தேன். மேலதிகமான இரண்டும் என் வலது முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டு அவிழாமல் இருக்க. பக்கத்தில் நின்றவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனிக்கக்கூடாது என்றுதான் தொளதொளத்த காற்சட்டையாகப் பார்த்துப் போட்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் உடுவிலில் எனக்குப் பக்கத்து வளவு. என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவன் கட்டாரில். வீட்டில் அவளும் மாமியாரும்தான். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடியவள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அது நின்றுபோனது. பிறகு கலியாணம். மரதன் அறிவித்தலைப் பார்த்த அன்றே வேலியடிக்கு வந்து, "அக்கா, நீங்கள் வந்தால்தான் நான் போகலாம்" என்றாள். விடிய முன்னம் றோட்டில் ஒரு பெண் தனியே ஓடினால் எங்கள் பக்கத்தில் என்ன கதைப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமியார் விளக்குமாறும் கையுமாகப் படலையடியில் நின்று அனுமதி தந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து போங்கோ, சேந்து வாங்கோ. ஒராள் தனிய வந்தா நான் படலை திறக்கமாட்டன், சொல்லிப் போட்டன்."

கணவனும் போனில் சம்மதித்தான். "ஒருக்கா ஓடிப் பார். நான் வந்தாப் பிறகு உதெல்லாம் வேண்டாம்." ஓட்டம் முடிந்து ஆறு கிழமையில் அவன் வருவதாக இருந்தது. ஆகவே அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கிழமையில் மூன்று நாள் நாலரைக்கு வெளிக்கிட்டோம். நான் அதுவரை சீனி வியாதிக்குப் பயந்து நடந்தவளே தவிர ஓடியவள் அல்ல. அவள் எனக்காக மெதுவாக ஓடினாள். ஓட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கோப்பாய்ப் பக்கம், றோட்டோரம் கட்டியிருந்த மாட்டின் கயிறு இருட்டில் காலில் தடக்கி விழுந்தேன். "ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டு எழும்பினேன். அடுத்த நாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவளுக்குச் சொல்லாமல் தூரத்து ஊரில் இருக்கும் முறிவு வைத்தியரிடம் போனேன். அவர் பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டுக் கட்டினார். "மூண்டு கிழமை மடக்கக் கூடாது. ஓடுற எண்ணமெண்டால் பிறகு என்னட்டை வரவேண்டாம்."

அவளிடம், அலுவலகத்தில் மேலதிக வேலை, விடியவே போகவேண்டும் என்று சொன்னேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பவர்களிடம், சொன்னால் அவளுடைய ஓட்டமும் நின்றுவிடும் என்று பயந்தேன் என்பேன். அது பொய். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் விளையாட்டுப் பாட ஆசிரியை ஒருவர் இருந்தார். கேட்டிருந்தால் துணைக்கு வந்திருப்பார். நாற்பத்து நாலு வயதுவரை என்னை யாரும் எதற்கும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. அந்த இடத்தை இன்னொருவருக்கு விட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த மூன்று கிழமையும் அவள் தன் வளவுக்குள்ளேயே ஓடினாள். கிணற்றடியில் தொடங்கிப் பலாமரத்தைச் சுற்றி மறுபடி கிணற்றடி. புல் தேய்ந்து ஒரு வட்டம் விழுந்தது. நான் என் குசினி ஜன்னலுக்குப் பின்னால், ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டம் சரியாக ஐந்து மணிக்குத் தொடங்கியது. கோப்பாயைத் தாண்டும்வரை வலி பொறுக்கக்கூடியதாக இருந்தது. தோட்டங்களில் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் எனக்கு அரை அடி பின்னால் வந்தாள். மூச்சு வாங்கவில்லை. கதைத்துக்கொண்டே வந்தாள். இருபதாவது கிலோமீற்றரில் என் முழங்காலுக்குள் ஏதோ கல் உருளுவதுபோல இருந்தது. வியர்வையில் பத்து ஊறி, கட்டு வழுகத் தொடங்கியது. நான் நொண்டுவதைப் பார்த்து, "என்னக்கா?" என்றாள். "சப்பாத்துக் கடிக்குது" என்றேன்.

சுன்னாகம் சந்தையடிக்கு வரும்போது எட்டு ஐம்பது. லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"உவை ஏன் ஓடீனம்?"

"சீனி வருத்தத்துக்காம்."

"அப்ப அந்த நொண்டிற அக்காவுக்குச் சீனி நல்லாக் குறைஞ்சிருக்கும்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் கடைசி. இருபது அடி தள்ளி, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் நான் இருந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. இருபத்தெட்டாவது கிலோமீற்றர்ப் பலகை எதிரே தெரிந்தது.

அவள் முழந்தாளிட்டு என் காற்சட்டைக் காலை மேலே சுருட்டினாள். பச்சையும் மண்ணிறமுமாகக் கட்டுத் தெரிந்தது. பத்தின் மணம் எழும்பியது.

"எத்தனை நாளாக் கட்டியிருக்கிறியள்?"

"மூண்டு கிழமை."

அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஏச்சு வரும் என்று இருந்தேன். வரவில்லை. நெகிழ்ந்த துணியை அவிழ்த்து இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"நீ போ" என்றேன்.

"சேந்து வாறம் எண்டெல்லோ மாமிக்குச் சொன்னனாங்கள்."

ஓட்டம் முடிக்கப் பதினொன்றரைவரை நேரம் தந்திருந்தார்கள். மிச்சம் பதினான்கு கிலோமீற்றர். அவளுடைய காலுக்கு அது ஒன்றுமே இல்லை. பாதித் தூரம் நடந்திருந்தாலும் முடித்திருப்பாள். நல்ல வெயில், றோட்டு நிறையச் சனம், இடுப்புப் பையில் என் போன். மாமியாருக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். கையைப் பிடித்துத் தள்ளிவிட்டிருக்கலாம். நான் "நீ போ" என்று ஒருதரம்தான் சொன்னேன், அதுவும் மெதுவாக. தெரியாத கடைப்படியில் தனியே இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் றோட்டைப் பார்த்தாள். அறுபது வயது மதிக்கக்கூடிய ஒருவர் ரப்பர்ச் செருப்போடு எங்களைக் கடந்து ஓடினார். அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கால் துணிக்கட்டில் குத்தியிருந்த இரண்டு பின்களும் வளைந்துபோயிருந்தன. அவள் தன் நெஞ்சில் இருந்த இலக்கத் துண்டின் நான்கு பின்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, என் கட்டில் குத்தினாள். துண்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஓட்டோவை மறித்தாள்.

ஓட்டோ எங்கள் வீட்டடியில் வந்து நின்றது. மாமியார் படலையடியில் நின்றார்.

"என்ன பிள்ளையள், அதுக்குள்ளை முடிஞ்சுதோ?"

நடந்ததை நான்தான் சொன்னேன். மாமியார் என் காலைப் பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினார்.

"அப்ப நீ ஓடியிருக்கலாமே? நான் இருட்டுக்கெல்லோ அப்பிடிச் சொன்னனான். விடிஞ்சாப் பிறகு ஆர் உன்னைப் பிடிக்கப் போறான்? ஒரு போன் அடிச்சுக் கேட்டிருந்தா, போ எண்டுதானே சொல்லியிருப்பன்."

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அன்று பதினொன்றரை ஆகும்வரை நான் கட்டிலில் கிடந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறிவு வைத்தியர் சொன்னபடி என்னைத் திருப்பி அனுப்பவில்லை. இன்னும் ஆறு கிழமை கட்டினார். அந்த ஆறு கிழமை முடிய, அவளுடைய கணவன் வந்து இறங்கினான்.

அவள் என்னோடு கோபம் இல்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கும். கறிவேப்பிலை கேட்டால் தருகிறாள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறாள். போன வருஷம் அடுத்த ஓட்டத்துக்கு அறிவித்தல் வந்தபோது, துணிந்து வேலியடியில் நின்று, அதைப் பார்த்தாயா என்று கேட்டேன். "உங்கடை முழங்கால் இப்ப சுகமோ அக்கா?" என்றாள். ஓம் என்றேன். தலையாட்டிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

துணைக்கு வருகிறேன் என்று இப்போது நான் யாருக்கும் சுலபமாக வாக்குக் கொடுப்பதில்லை. பலாமரத்தைச் சுற்றிய வட்டத்தில் புல் வளர்ந்துவிட்டது. மாமியாருக்குச் சீனி கூடி, வெறுங்காலோடு நடக்கவேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். மருமகளின் ஓட்டச் சப்பாத்தைத்தான் அவர் போட்டுக்கொண்டு நடக்கிறார்.