அம்மா துலக்கிய வெள்ளி ரூபாய்கள்

பழைய நாணயம் வாங்கி வைத்தால் லாபம் வருமா என்று கூட வேலை செய்யும் நண்பர் நேற்று கேட்டார். வீட்டுக்கு வந்தால், மனைவி புளி போட்டு விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் எங்கள் ஊர் மண்ணூர் வீட்டுக் கிணற்றடி கண்முன் வந்துவிட்டது.

அப்போது எட்டாவது முடித்திருந்தேன். உயர்நிலைப் பள்ளி ஸ்ரீபெரும்புதூரில். சைக்கிள் இல்லாமல் படிப்பைத் தொடர முடியாது. அம்மாவிடம் ராஜா தலை போட்ட பத்து வெள்ளி ரூபாய்கள் இருந்தன. பொங்கலுக்குப் பொங்கல் துலக்கிப் படையலில் வைப்பாள். அவற்றை விற்க முடிவானதும், "அழுக்கா எடுத்துகினு போனா வெலய கொறைப்பான்டா" என்று புளியும் சாம்பலும் வைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

காஞ்சிபுரத்து நாணய வியாபாரி தலையில் கை வைத்தார். "இன்னாம்மா, ராஜா மூஞ்சியே தேஞ்சி போச்சே! துலக்காம கொணாந்திருந்தா மூணு பங்கு தந்திருப்பேன். இப்போ வெள்ளி எடைக்குத்தான்."

அம்மா எடைக்கே கொடுத்தாள். அந்தப் பணத்தில் மணியில்லாத பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தது.

முதல் நாள் நான் ஏறிக் கிளம்பியபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் உரக்கச் சொன்னாள்: "ராஜா மூஞ்சி தேஞ்சா தேயட்டும்டி. எம்புள்ள காலு தேயாம போறான் பாரு!"

நாணயத்தைத் துலக்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்ல வேண்டும். ஆனால் எது லாபம் என்று என்னைக் கேட்டால், நான் அம்மா பக்கம்தான் பேசுவேன்.